‘அருவம்’ என்பது உருவின்மையா, உடலின்மையா?

கேள்வி – பெயர்ப்புப்பணி

பண்டைக் கிரேக்க மெய்யியலை அறிமுகம் செய்யும் ஒரு கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஸ்டோயிக் சிந்தனையாளர்களைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லுக்கு ஈடு காண இயலாமல் நிற்கிறேன். செயலாற்ற வல்லதும் செயலுக்கு உட்படுவதும் உடல் மட்டுமே என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. அந்தக் கணக்கின்படி உயிரும் உடல்தான், அறமும் உடல்தான், உலகை இயக்கும் இறைவனும் உடல்தான். இவற்றுக்குப் புறம்பாக நான்கை மட்டுமே அவர்கள் உடலற்றவை என்று வகுத்தார்கள்: காலம், இடம், வெறுவெளி, சொல்லால் உணர்த்தப்படும் பொருள். இந்த நான்கையும் சேர்த்துக் குறிக்கும் கிரேக்கப் பெயர் ‘அசோமாட்டா’.

முதல் வரைவில் இவற்றை ‘அருவங்கள்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், ‘அருவம்’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் இறைவனும் உயிரும்தான் தோன்றும் என்றும், அந்த இரண்டையுமே உடல் என்று சொல்லும் கொள்கையை விளக்க அச்சொல்லைப் பயன்படுத்தினால் குழப்பமே மிஞ்சும் என்றும் மறுத்தார். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு சொல்லைத் தேடினால் அரூபம், அசரீரி, அமூர்த்தம், சூக்குமம் என்று பல வருகின்றன. இவை ஒரே பொருள் தருவனவா, வேறுவேறா என்பதே எனக்குத் தெளிவாகவில்லை. காற்றை அருவம் எனலாமா? நிழலை எனலாமா? எண்ணையும் கடனையும் எனலாமா? இச்சொல்லின் எல்லையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி 1 – ஏட்டுவாசகன்

உங்கள் நண்பரின் மறுப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ‘அருவம்’ என்பது உருவம் இல்லாததைச் சொல்கிறதே தவிர, உடல் இல்லாததைச் சொல்லவில்லை. இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நீங்கள் கேட்ட காற்றும் நிழலுமே அவை ஒன்றல்ல என்பதற்குச் சான்று. காற்றுக்குக் காணத்தக்க உருவம் இல்லை. ஆனால் அதற்கு எடை உண்டு, அது இடத்தை அடைத்துக்கொள்கிறது, தோலில் உறைக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். நிழலுக்கு எடையும் இல்லை, தொட்டால் தட்டுப்படுவதும் இல்லை, ஆனால் தெளிவான விளிம்போடு கூடிய உருவம் இருக்கிறது. எனவே காற்று உடல் உடைய அருவம். நிழல் உடலற்ற உருவம். ஒரே சொல் இரண்டையும் தாங்காது.

பழைய மெய்யியல் மரபிலும் இந்த வேறுபாடு உணரப்பட்டே இருந்தது. ஐம்பூதங்களுக்குப் புலன்களைப் பங்கிடும் முறையில் விசும்புக்கு ஓசை மட்டும், காற்றுக்கு ஓசையும் ஊறும் (தொடுவுணர்வும்), தீக்கு அவ்விரண்டோடு ஒளியும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒளி எனப்படும் அந்தக் கண்ணுக்குரிய பண்பைத்தான் வடமொழியில் ரூபம் என்பார்கள். அது தீயில்தான் தொடங்குகிறது. ஆகவே இந்தக் கணக்கில் காற்று அருவமே; ஆனால் ஊறு உடைய அருவம். உருவம் என்பது இங்கே கண்ணுக்கு எட்டும் ஒரு பண்பைக் குறிக்கிறதே ஒழிய, பருமையைக் குறிக்கவில்லை.

சொல்லின் அமைப்பையும் பார்க்க வேண்டும். தமிழ் தன் இயல்பில் எதிர்மறையைச் சொல்லின் பின்னால் வைக்கும். இல், இலி, இன்மை, அற்ற, ஆத என்பன எல்லாம் பின்னே வருவன. முன்னே ‘அ’ சேர்த்து மறுப்பது வடமொழி முறை. ‘அரூபம்’ நேரே அங்கிருந்து வந்தது. ‘அரு’, ‘அருவம்’ என்பவை அதே வார்ப்பில் உரு, உருவம் என்பவற்றுக்கு இணையாகத் தமிழில் உருப்பெற்றவை. ‘அரும்பொருள்’, ‘அருமருந்து’ முதலியவற்றில் உள்ள ‘அரு’ அருமையின் அடி. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘அருபொருள்’ என்று யாரேனும் கலைச்சொல் ஆக்கினால் அது கிடைத்தற்கரிய பொருளாகவே படிக்கப்படும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

வழக்கைப் பொறுத்தவரை, மணிமேகலையிலேயே இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. பௌத்தர் கூறும் உலக அமைப்பாகிய சக்கரவாளத்தை விவரிக்கும் இடத்தில் ‘நால்வகை மரபின் அரூபப் பிரமர்’ வருகிறார்கள். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதாக அவர்கள் சொல்லும் பன்னிரு சார்புகளை அடுக்கும் இடத்தில் ‘பேதைமை செய்கை உணர்வே அருவுரு’ என்று வருகிறது. இந்த ‘அருவுரு’ பௌத்தரின் நாமரூபம். அதை விளக்கும்போது உணர்வைச் சார்ந்த ‘உயிரும் உடம்பும்’ என்று அந்நூலே சொல்கிறது. அதாவது அரு என்பது மனத்தின் பக்கம், உரு என்பது உடம்பின் பக்கம், இரண்டும் சேர்ந்த தொகுதிக்கு அருவுரு என்று பெயர். சைவ சித்தாந்தத்தில் இதே சொற்கள் வேறு வேலை செய்கின்றன. சிவஞான சித்தியார் என்னும் நூல் கூறும் இறைவனின் ஒன்பது பேதங்களில் சிவம், சத்தி, நாதம், விந்து ஆகிய நான்கும் அருவம். மகேசன், உருத்திரன், மால், அயன் ஆகிய நான்கும் உருவம். நடுவே நிற்கும் சதாசிவம் இரண்டுமாக இருப்பது, அதாவது அருவுருவம். இலிங்கத் திருமேனியை அருவுருவம் என்பது இதனால்தான்: அங்கே வடிவம் ஒன்று இருக்கிறது, ஆனால் முகம், கை, கால் என்று பிரித்துக் காட்ட ஏதும் இல்லை. பௌத்தத்தில் இரு வேறு பொருள்களின் கூட்டாக இருந்த சொல், சைவத்தில் ஒரே பொருளின் இடைநிலையாகிவிட்டது. பழைய உரைகளைப் படிக்கும்போது எந்தச் சமயத்தின் நூல் என்று பாராமல் இச்சொல்லுக்குப் பொருள் கொள்வது ஆபத்தானது.

இன்னொன்றும் உண்டு. அருவம் இன்மை ஆகாது. ‘உருவாய் அருவாய் உளதாய் இலதாய்’ என்று அருணகிரிநாதர் இரண்டு இணைகளைத் தனித்தனியே வைக்கிறார். உரு–அரு ஓர் இணை, உளது–இலது மற்றோர் இணை. அருவமாக இருப்பது இருந்துகொண்டுதான் இருக்கிறது, முழுமையாகவே இருக்கிறது. ஸ்டோயிக்குகளோ தங்கள் நான்கையும் ‘இருப்பவை’ என்றுகூடச் சொல்லத் தயங்கினார்கள். அவை ‘ஏதோ ஒன்று’ என்னும் அளவில் நிலவுகின்றன, உடல்களைப் போல இருக்கவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. தமிழில் அருவம் என்னும் சொல்லுக்கு உருவத்தைவிட மேலான தகுதி இருக்கிறது. அவர்கள் சொல்லுக்கு உடலைவிடக் கீழான தகுதி. உங்கள் மொழிபெயர்ப்பில் இடறப்போவது இங்கேதான்.

ஏனைய சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அசரீரி என்பதற்கு நேர்ப்பொருள் உடலற்றது. ஆகவே சொற்பொருளால் உங்களுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். ஆனால் வழக்கில் அது வானில் எழும் குரலாகச் சுருங்கிவிட்டது. காலத்தை அசரீரி என்று எழுதினால், அது என்ன சொல்லிற்று என்று வாசகர் கேட்பார். சூக்குமம் தூலத்துக்கு, அதாவது பருமைக்கு, எதிரானது, நுண்மையைச் சொல்கிறது. சூக்கும உடல் என்று ஒன்றை மரபே பேசுவதால், உடலின்மையைக் குறிக்க அதைக் கொள்ள முடியாது. அமூர்த்தம் சற்று நுட்பமானது. இந்திய மெய்யியல் பிரிவினருள் ஒருவரான வைசேடிகர் கொள்கையில் எல்லைக்குட்பட்ட அளவும் அசையும் தன்மையும் உடையது மூர்த்தம். அதன்படி நிலம், நீர், தீ, காற்று என்பவற்றோடு மனமும் மூர்த்தம், விசும்பு, காலம், திசை, ஆன்மா ஆகியவை அமூர்த்தம். பிருகதாரணியக உபநிடதமோ காற்றை விசும்போடு சேர்த்து அமூர்த்தத்தின் பக்கம் வைக்கிறது. ஒரே சொல்லுக்கு இரு மரபில் இரு எல்லைகள் என்றால், மூன்றாவதாக ஒரு கிரேக்க எல்லையையும் அதன்மேல் ஏற்றுவது நல்லதன்று.

மன்மதனுக்குரிய அனங்கன் என்னும் பெயரும் உடலற்றவன் என்றே பொருள்படும். உடல் எரிந்த பின்னும் இரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் உருவம் தெரியும் என்று புராணம் சொல்கிறது. உடலும் உருவும் வேறு என்பதைக் கதை சொன்னவர்கள் நம்மைவிடத் தெளிவாகவே அறிந்திருந்தார்கள்.


மறுமொழி 2 – வரைவெழுத்தர்

மெய்யியல் வழக்கை மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். கேள்வியில் கடனும் இடம்பெற்றிருப்பதால் சட்டத்தின் பக்கத்திலிருந்து சிறிது சேர்க்கிறேன். உடலுள்ளது, உடலற்றது என்னும் பிரிவு சட்டத்துக்கு உரோமானியர்களிடமிருந்து வந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காயஸ் என்னும் சட்ட அறிஞர், தொடக்கூடியவை உடலுள்ள பொருள்கள் என்றும் தொட முடியாதவை உடலற்ற பொருள்கள் என்றும் வகுத்து, நிலம், ஆடை, பொன், வெள்ளி முதலியவற்றை முதல் வகைக்கும், மரபுரிமை, பிறர் சொத்தின் பயனை நுகரும் உரிமை, கடப்பாடு முதலியவற்றை இரண்டாம் வகைக்கும் காட்டாகத் தந்தார். மரபுரிமையில் நிலமும் பொன்னும் அடங்கியிருக்கலாமே என்று யாரேனும் கேட்பார்கள் என்பதை அவரே எதிர்பார்த்து, அப்பொருள்கள் தொடத்தக்கவையாக இருந்தாலும் மரபுரிமை என்னும் உரிமை தொடத்தக்கதன்று என்று விடையும் சொல்லிவைத்தார். உரிமை வேறு, உரிமைக்கு உட்பட்ட பொருள் வேறு என்னும் இந்தத் தெளிவு இன்றைக்கும் பல பத்திர வரைவுகளில் இருப்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் எடுத்துக்கொண்ட அளவுகோல் தொடுதல், காண்டல் அன்று. அதனால்தான் ‘அருவச் சொத்து’ என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். கணக்குப்பதிவியலில் நற்பெயர், காப்புரிமை, வணிகக் குறி ஆகியவற்றைக் ‘கண்ணுக்குப் புலனாகாச் சொத்துகள்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. பழகிவிட்டதால் பொருள் விளங்குகிறது. ஆனால் உருளையில் அடைத்த வாயுவும் கண்ணுக்குப் புலனாகாததுதான், அதை யாரும் நற்பெயரோடு ஒரே பத்தியில் எழுதுவதில்லை. ‘தொட்டறிய இயலாச் சொத்து’ என்பது நீளமாக இருந்தாலும் பிழையில்லாதது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தொட்டறியக்கூடிய அசையாச் சொத்துக்கும் தொட்டறிய இயலாதவற்றுக்கும் விற்பனை முறையில் வேறுபாடு செய்கிறது. நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடைய அசையாச் சொத்து தொட்டறியத்தக்கதாயின், அதைக் கையளிப்பதன் மூலமே விற்றுவிடலாம். தொட்டறிய இயலாததாயின் பதிவு செய்த ஆவணம் இல்லாமல் விற்க முடியாது. காரணம் வெளிப்படையானது: கையில் கொடுக்க ஏதும் இல்லாதபோது எழுத்துத்தான் கைமாற்றமாக நிற்க வேண்டும்.

கடனைப் பற்றிய கேள்விக்கு: கடன் உடலற்றது, கடன்பத்திரம் உடலுள்ளது. தாள் எரிந்துபோனால் சான்று போகும், கடன் போகாது.


மறுமொழி 3 – சொல்லுழவு

மேலுள்ள இருவரும் சொல்லை மிகவும் இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சொற்கள் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. இன்று ‘அருவமான கருத்து’, ‘அரூப ஓவியம்’ என்று எழுதுகிறவர்கள் எவரும் சதாசிவத்தை எண்ணி எழுதுவதில்லை, படிப்பவரும் மயங்குவதில்லை. அரூப ஓவியத்தில் வட்டமும் கோடும் வண்ணமும் நிறைந்திருக்கின்றன, ஆகவே அது அரூபம் ஆகாது என்று ஒருவர் வாதிடலாம்; வாதம் வெல்லும், வழக்கு மாறாது. அதுபோல, ‘இக்கட்டுரையில் அருவம் என்பது உடலற்றதைக் குறிக்கும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பயன்படுத்தினால் போதுமானது.

மேலும், இதற்கு மெய்யியலை மட்டும் பார்ப்பானேன்? தொல்காப்பியப் பொருளியலின் இறுதிப்பகுதியில் ஒப்பு, உரு, வெறுப்பு, கற்பு, ஏர், எழில், சாயல், நாண், மடன், நோய், வேட்கை, நுகர்வு என்று பன்னிரண்டை அடுக்கி, இவையெல்லாம் ‘நெஞ்சுகொளின் அல்லது காட்டலாகாப் பொருள’ என்று கூறப்பட்டிருக்கிறது. நெஞ்சால் கொள்ளலாமே ஒழியக் கையால் காட்ட முடியாதவை என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் எங்கே கிடைக்கும்? பிற்கால வழக்கில் இவற்றையே கருத்துப்பொருள் என்றும், மற்றவற்றைக் காட்சிப்பொருள் என்றும் சொல்கிறோம். உங்கள் நான்கையும் ‘காட்டலாகாப் பொருள்கள்’ என்றே எழுதிவிடலாம்.


வினவியவர் – பெயர்ப்புப்பணி

மூவருக்கும் நன்றி. அருவமும் உடலின்மையும் வேறு என்பது இப்போது விளங்குகிறது. மறுமொழி 3இல் உள்ள யோசனை அழகானது. ஆனால் அதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அப்பட்டியலில் உள்ள கற்பும் நாணும் மனிதரின் பண்புகள். ஸ்டோயிக் கொள்கைப்படி பண்புகள் உடலைச் சார்ந்தவை, உடலே ஆனவை. அவர்கள் உடல் என்று சொன்னவற்றையே காட்டாகக் கொண்ட தொடரை, அவர்கள் உடலற்றவை என்று சொன்னவற்றுக்குப் பெயராக்க இயலுமா? மேலும், ‘உருவிலி’, ‘அறிவிலி’ என்பவை போல ‘உடலிலி’ என்று ஆக்கிக்கொள்வது தகுமா என்பதையும் சொல்லுங்கள். ‘மெய்’ என்பதை வைத்து ‘மெய்யில் பொருள்’ என்றும் முயன்று பார்த்தேன்.


மறுமொழி 4 – ஏட்டுவாசகன்

கடைசியில் சொன்னதை முதலில் விட்டுவிடுங்கள். மெய் என்பதற்கு உடல் என்றும் உண்மை என்றும் பொருள் இருப்பதால், மெய்யற்ற பொருள் என்றால் பொய்ப்பொருள் என்றே படிக்கப்படும். ‘மெய்யில்’ என்று எழுதினால் நிலைமை இன்னும் கேடு. ஏழாம் வேற்றுமை உருபும் ‘இல்’ ஆக இருப்பதால், உடம்பின் உள்ளே இருக்கும் பொருள் என்றாகி, நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர்மாறாக முடியும். ‘உடலில் பொருள்’ என்பதற்கும் இதே கதிதான்.

உடலிலி என்பது இலக்கணப்படி குற்றமற்ற ஆக்கம். ஆனால் இலி என்று முடியும் சொற்கள் நம் காதில் ஆளையே குறிக்கின்றன. அறிவிலி, நாணிலி என்று வசவாகவும் பழகியிருக்கின்றன. உருவிலி என்பதே மன்மதனுக்குப் பெயராக வழங்கியது. காலத்தை உடலிலி என்றால் அது ஒரு பாத்திரத்தைப் போல எழுந்து நிற்கும். அதைவிட ‘உடலிலாப் பொருள்’ என்பது அமைதியானது. இதில் வேற்றுமை மயக்கமும் இல்லை. ஓட்டமான உரைநடையில் ‘உடலற்றவை’ என்றே எழுதிச் செல்லலாம்.

சொல்லுழவு அவர்கள் காட்டிய நூற்பா அருமையானது. அதில் உருவே காட்டலாகாப் பொருளாக இடம்பெற்றிருப்பது வியப்பாகத் தோன்றலாம். உரிச்சொல்லாக அதற்கு ‘உட்கு’, அதாவது அச்சம், என்னும் பொருளைத் தொல்காப்பியமே சொல்கிறது, அது இவ்விடத்துக்குப் பொருந்தும். எனினும் வினவியவரின் ஐயம் சரி. அந்நூற்பா பேசுவது எப்படி அறிகிறோம் என்பதைப் பற்றி. கிரேக்கப் பிரிவு பேசுவது எது எதைத் தாக்க வல்லது என்பதைப் பற்றி. நாணத்தைக் காட்ட முடியாது. ஆனால் நாணம் முகத்தைச் சிவக்கச் செய்கிறது. முகம் சிவக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி, உள்ளமும் உடலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டோயிக்குகள் வாதிட்டார்கள். ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டால் போதும் என்பதும் எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் உயர்திணை வினை கொள்ளாத சொற்களாகக் காலம், உலகம், உயிர், உடம்பு, பால்வரை தெய்வம், வினை, பூதம், ஞாயிறு, திங்கள், சொல் என்று பத்து வருகின்றன. உயிரும் உடம்பும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. காலமும் சொல்லும் ஞாயிற்றோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. உடல் உண்டா இல்லையா என்னும் கேள்வியைக் கொண்டு தமிழ் இலக்கணம் பெயர்களைப் பிரிக்கவே இல்லை என்பது இதனால் தெரிகிறது. நம் மரபில் இல்லாத பிரிவு ஒன்றைக் கொண்டுவரும்போது, மரபில் ஏற்கெனவே வேறு வேலை செய்துகொண்டிருக்கும் சொல்லின்மேல் அதை ஏற்றினால், விளக்கவரி மறந்துபோய்ப் பழைய பொருளே மேலே வரும்.

ஆகவே என் பரிந்துரை இது. நான்கையும் முதன்முதலில் அறிமுகம் செய்யும் இடத்தில் ‘உடலிலாப் பொருள்கள்’ என்று எழுதி, கிரேக்கப் பெயரை ஒருமுறை தந்துவிடுங்கள். பின்னர் ‘உடலற்றவை’ போதும். உடல்களுக்கு ‘உள்ளன’, ‘இருக்கின்றன’ என்னும் வினைகளையும், இந்த நான்குக்கு ‘நிலவுகின்றன’ என்னும் வினையையும் கட்டுரை முழுவதும் மாறாமல் கையாண்டால், அவர்கள் செய்த வேறுபாடு தனி விளக்கமின்றியே வாசகருக்குப் பிடிபடும். நான்காவதற்குச் ‘சொற்பொருள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அகராதியில் சொல்லுக்கு நேரே இருக்கும் விளக்கம் என்றாகிவிடும். ஒலி காற்றின் அசைவு, ஆகவே உடல். அந்த ஒலியால் சொல்லப்படுவதுதான் அவர்கள் ‘லெக்டா’ என்றது. அந்த மொழியை அறியாதவர் காதிலும் ஒலி விழுகிறது, சொல்லப்படுவது மட்டும் அவருக்கு எட்டுவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘சொல்லப்படுவது’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணைப் பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. ஸ்டோயிக்குகளின் நான்கில் எண் இல்லை. ஆகவே உங்கள் கட்டுரைக்கு அது தேவைப்படாது. பொதுவழக்கில் எண்ணை அருவம் என்பதில் தடையில்லை. அதற்கு உருவமும் இல்லை, உடலும் இல்லை. தாளில் எழுதுவது இலக்கம்.